இரண்டு உள்ளங்கை அளவு

2 டிசம்பர், திங்கள்

இன்று காலை 7.40 மணிக்கு, காப்பியை என் முன் வைத்துவிட்டு, என் மனைவி சௌந்தரி வாய்மொழியாக ஓர் அறிவிப்புக் கொடுத்தாள். இயன்றவரை அவள் சொற்களிலேயே பதிவு செய்கிறேன்.

“ஏனுங்க, இருவத்தி மூணாந் தேதி திங்கக்கெழம விடியால நான் லோனாருக்குக் கெளம்பறேன். நீங்க வந்தா ரெண்டு பேரு. வரலீன்னா நான் ஒருத்தி. ஜனவரி பத்தாந் தேதி கோயமுத்தூர் டாக்டரு என்னயப் பாத்து, ‘இனிமே ஸ்டியரிங்கத் தொடாதீங்கம்மா’ன்னு சொல்றதுக்கு முன்னால அந்தப் பள்ளத்த ஒருக்கா பாத்துடோணும். இன்னொரு வாய்தா கெடையாது.”

லோனார் மகாராஷ்டிரத்தில் உள்ள ஊர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வானிலிருந்து விழுந்த கல் ஒன்று அங்கே பாறையில் வட்டமாகப் பள்ளம் பறித்தது. அதன் நடுவே ஏரி. சௌந்தரி அரசு மகளிர் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள். ஒவ்வோராண்டும் அந்தப் பள்ளத்தைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்திருக்கிறாள். ஒரு முறையும் நேரில் பார்த்ததில்லை.

அதற்காகவே நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே நாமக்கல்லில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒரு சிறு வீட்டைக் கட்டி வாங்கினோம். இரண்டு சக்கரம், ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு கழுவுதொட்டி. ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் வகை. அது அன்று முதல் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நிற்கிறது. தாமதத்துக்கான காரணங்கள்: முதலில் பெருந்தொற்று. பிறகு பிரேக் குறித்து எனக்கிருந்த ஐயங்கள். பிறகு மழைக்காலம், இரு முறை. பிறகு, பதினான்கு மாதங்களுக்கு முன், சௌந்தரியின் இதயக் குழாயில் வைத்த இரண்டு ஸ்டென்ட். இவற்றில் எதுவும் பொய்க் காரணம் அல்ல.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முப்பத்தோர் ஆண்டுகள் வாகன விபத்து வழக்குகளில் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வாதாடினேன். அந்தக் கோப்புகளில் உள்ள புகைப்படங்களைப் பார்த்தவனுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தோன்றாது. சௌந்தரி ஓட்டுவாள். நான் பக்கத்து இருக்கையில் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருப்பேன். இது எங்களுக்குள் நெடுநாள் வழக்கம்.

இப்போதைக்கு அவள் வண்டி ஓட்டலாம் என்பதை மருத்துவரிடம் எழுத்தில் பெற்று வைத்திருக்கிறேன். ஜனவரியில் அவர் என்ன சொல்வார் என்பது என் கையில் இல்லை.

இருப்பது இருபத்தொரு நாள்.

3 டிசம்பர், செவ்வாய்

இழுவை வீட்டை ஆய்வு செய்தேன். கொக்கி, சங்கிலி, விளக்குகள், பிரேக் ஆகியவை திருப்தி. டயர்களின் மேற்பள்ளத்தின் ஆழத்தை எஃகு அளவுகோலால் அளந்தேன்: இரண்டிலும் ஏழு மில்லிமீட்டர். இதுவரை ஓடிய தூரம் மொத்தம் அறுபத்தொரு கிலோமீட்டர். டயர்கள் புதியவற்றுக்கு நிகர். மாற்ற வேண்டியதில்லை என்று முடிவு செய்து சௌந்தரியிடம் தெரிவித்தேன்.

“எதுக்கும் செங்கோடங்கிட்ட ஒருக்கா காட்டிப்போடுங்க” என்றாள்.

5 டிசம்பர், வியாழன்

செங்கோடன் சேலம் சாலையில் லாரி டயர்க் கடை வைத்திருப்பவர். என் வயதுக்குப் பத்து குறைவு. சௌந்தரியிடம் படித்த பெண்ணைத் திருமணம் செய்தவர் என்பதால் அழைத்ததும் வீட்டுக்கே வந்தார். வந்தவர் நான் அளந்த மேற்பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. மண்ணில் குந்தி, டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கினார். வழவழப்பாக இருந்த கறுப்பு, வற்றிய ஏரிபோல நூறு கோடுகளாகப் பிளந்தது. விரலை எடுத்தார். கோடுகள் மறைந்தன. மீண்டும் அழுத்தினார். மீண்டும் பிளந்தது.

“பட்டன் பூரா அப்படியே இருக்குதே, எதுக்கு மாத்தறதுன்னு யோசிக்கிறீங்ளா வக்கீலய்யா?”

நான் அளந்த மேற்பள்ளத்தைத்தான் பட்டன் என்கிறார். ஆம் என்றேன்.

“பட்டனு தேய்மானத்தச் சொல்லுமுங். வயசச் சொல்லாது. வயசு இங்க இருக்குது பாருங்.” பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்களைக் காட்டினார். 1917. “பத்தொம்பதாவது வாரம், ரெண்டாயிரத்திப் பதினேழு. அன்னிக்குத்தான் இது பொறந்துச்சு. உங்க பட்டறைக்காரரு வண்டிக்கு மாட்டும்போதே இதுக்கு மூணு வயசு.”

“ஆனால் இது ஓடவே இல்லையே” என்றேன்.

“அதானுங்க வெனை. ரப்பருக்குள்ள ஒரு எண்ணெய்ப் பசை இருக்குதுங். டயரு உருண்டு நெளிஞ்சாத்தான் அது வெளிய வந்து காயாமக் காப்பாத்தும். நிக்க வெச்சா உள்ளயே காஞ்சுபோயிரும். ஓடித் தேஞ்ச டயரு எனக்குக் கண்ணுல தெரியும். நின்னு செத்த டயருதான் ஆளை ஏமாத்தும்.”

“இதில் லோனார் போனால்?”

“பெங்களூரு தாண்டறதுக்குள்ள பிரிஞ்சிருமுங். பின்னால வீடு ஆட, முன்னால டீச்சரம்மா ஜீப்ப...” என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி குடிங்க” என்றார். தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தது நான். அவருக்காக.

அவர் சென்ற பிறகு அந்த நான்கு எண்களின் எதிரில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். உலகில் ஓடும் ஒவ்வொரு டயரும் தன் பிறந்த வாரத்தைத் தன் மேனியில் எழுதிக்கொண்டு எல்லோர் கண் முன்னும் சுழல்கிறது. இதை ஒளிக்க யாரும் முயலவில்லை. நான் கையாண்ட கோப்புகள் ஏறத்தாழ இரண்டாயிரம். டயர் வெடித்த வழக்குகளில் ‘பட்டன் நல்ல நிலையில் இருந்தது, ஓட்டுநரின் கவனக்குறைவு இல்லை’ என்று வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் ஏற்கப்பட்டதும் உண்டு. புகைப்படங்களில் அந்த நான்கு எண்கள் இருந்திருக்கும்.

இதைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை.

6 டிசம்பர், வெள்ளி

டயர் எப்போது மாறும் என்று சௌந்தரி கேட்டாள். பரிசீலனையில் உள்ளது என்றேன். “வாய்தா” என்று சொல்லிவிட்டு மோர் கடையப் போனாள்.

8 டிசம்பர், ஞாயிறு

மூன்று கடைகளுக்குப் பதினேழு கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் அனுப்பியிருந்தேன். ஒரு கடை பதில் தரவில்லை. மற்றொன்று, பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் போதும் என்று பரிந்துரைத்தது, அதை விலக்கினேன். செங்கோடன் தொலைபேசியில் அழைத்து, “இது டயருங்களா, பொண்ணு பாக்கறதுங்களா?” என்று சிரித்துவிட்டு, பதினேழுக்கும் பதில் சொன்னார்.

அவர் சொன்னதிலிருந்து நான் தேறியது இது. ஒவ்வொரு டயரிலும் அது சுமக்கக்கூடிய எடைக்கு ஓர் எண் உண்டு. இப்போதுள்ளவை கார் டயர்கள், எண் 83. அதாவது தலா 487 கிலோ. நேற்று, லாரிகளை நிறுக்கும் எடை மேடை நடத்தும் பாவாயி அக்காவிடம் கொண்டுபோய் நிறுத்தியபோது, சாமான்களுடன் இரு சக்கரங்களின் மேல் விழும் எடை 1320 கிலோ என்று சீட்டு வந்தது. ஆகவே இந்த வீடு பிறந்த நாள் முதல், தன்னால் சுமக்க முடியாததைச் சுமந்தபடி கொட்டகையில் நின்றிருக்கிறது. யாரிடமும் முறையிடாமல்.

அதே பதின்மூன்று அங்குல ரிம்மில் பொருந்தும் மினி லாரி டயர் ஒன்று உண்டு. எட்டுப் பிளை, அதாவது எட்டு அடுக்கு வலு. எண் 94, தலா 670 கிலோ. இரண்டுக்கும் சேர்த்து 1340. தேவை 1320. போதும்.

“ரப்பர் எப்படி இவ்வளவு எடையைத் தாங்குகிறது?” என்று பதினெட்டாவதாக ஒரு கேள்வி கேட்டேன்.

“ரப்பரு எங்கீங்க தாங்குது? அது வெறும் பைங்க. தாங்கறது காத்து.”

காற்று. இதைக் கேட்ட பிறகு மதியம் முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. படுக்கை, அடுப்பு, பாத்திரம், சுவர், கூரை எல்லாம் காற்றின் மேல் நிற்கின்றன. சாலையில் போகும் ஒவ்வொரு லாரியும், முப்பது டன் சிமெண்டும், அதன் மேல் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஆளும். அறுபத்தாறு வயதில் இது எனக்குச் செய்தியாக வந்தது என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். வெட்கத்தைவிட வியப்பே அதிகம்.

12 டிசம்பர், வியாழன்

டயர்கள் வந்தன. எண்களைப் படித்தேன். ஒன்று 3924, மற்றது 0822. இரண்டாவதை ஏற்க மறுத்தேன்.

“மூணு வருசங்கூட ஆகலீங்களே. குடோன்ல நெழல்ல இருந்தது.”

“இரண்டும் ஒரே வாரம் பிறந்திருக்க வேண்டும்.”

“ரெட்டப் புள்ளையே வேணுங்கறீங்க” என்றார் செங்கோடன். ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. சேலத்துக்குப் போன் போட்டார்.

13 டிசம்பர், வெள்ளி

4124, 4124. நாற்பத்தொன்றாவது வாரம். வயது இரண்டு மாதம். மாட்டியாயிற்று. பழைய ரப்பர் வால்வை வெட்டி எறிந்துவிட்டு உலோக வால்வு வைத்தார். காற்று அறுபத்தைந்து பாயிண்ட். சௌந்தரி டயரைச் சுற்றி வந்து, குனிந்து முகர்ந்து பார்த்து, “புது நோட்டு வாசம்” என்றாள்.

15 டிசம்பர், ஞாயிறு

இன்று செய்தது சற்றே சிறுபிள்ளைத்தனமானது, ஆயினும் எழுதுகிறேன்.

காற்றின் மேல் நிற்கும் வீடு, தரையை எவ்வளவு இடத்தில் தொடுகிறது என்று அறிய விரும்பினேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, டயரின் அடிப்பகுதியில் ஸ்டாம்ப் பேட் மையைப் பூசி, கீழே ஒரு பச்சைத் தாளை வைத்து, மெல்ல இறக்கினேன். பத்திரப்பதிவில் கைநாட்டு வாங்குவதுபோல.

தாளை எடுத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். ஏறத்தாழப் பொருந்தியது. விரல் நுனிகள்தான் சற்று வெளியே நின்றன.

அவ்வளவுதான். மறுபக்கச் சக்கரத்துக்கும் அப்படியே எடுத்தேன்; அங்கும் ஓர் உள்ளங்கை. மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில், ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தூரம், இந்த வீடு பூமியைத் தொடப்போவது இந்த இரண்டு இடங்களில் மட்டும். சௌந்தரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் தன் கையை வைத்துப் பார்த்தாள். இரு தாள்களையும் அருகருகே வைத்தாள்.

பிறகு அவள்தான் கேட்டாள்: “ஏனுங்க, இது ரெண்டும் ஏன் ஒண்ணா இல்ல?”

அளந்தேன். வலது கைநாட்டின் நீளம் 14.1 சென்டிமீட்டர். இடது 19.2. காற்றழுத்தத்தை மறுபடி சோதித்தேன். இரண்டிலும் அறுபத்தைந்து.

16 டிசம்பர், திங்கள்

எடை மேடைக்கு மீண்டும் சென்றோம். பாவாயி அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்தே, “வக்கீலுக்கு என்ற மேடை மேல சந்தேகமாட்டம் இருக்குது” என்றார். மேடையின் மேல் சந்தேகம் இல்லை, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

“ஒத்தச் சக்கரமா? இருவது வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்லீங்க. சரி, டீச்சரம்மா, ஓரமா ஏத்துங்க. இன்னுங் கொஞ்சம். நிறுத்துங்க!”

வலது 560 கிலோ.

இடது 760.

டயரின் தாங்கும் எடை 670. தொண்ணூறு கிலோ அதிகம். மேற்படி எண்ணைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மூன்று முறை படித்தேன்.

நான் செய்த பிழையைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். மொத்தத்தை இரண்டால் வகுத்தேன். பாகப்பிரிவினை வழக்கில் அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்று எழுதுவதைப் போல, இரு சக்கரங்களுக்கும் சம பங்கு என்று எடுத்துக்கொண்டேன். சட்டத்தில் அது நியாயமான அனுமானம். வண்டிக்கு அந்தச் சட்டம் தெரியாது. சாமான் எங்கே இருக்கிறதோ அங்கே எடை.

செங்கோடனுக்கு நான் அனுப்பிய வினாப்பட்டியலில் இது பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்காததற்கு அவரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தோம். பெங்களூருக்கு அப்பால் எங்கோ இடது டயர் பிரிந்திருக்கும்.

“இடப்பக்கம் அப்படி என்னத்தத்தானுங்க வெச்சிருக்கறீங்க?” என்று திரும்பும் வழியில் சௌந்தரி கேட்டாள். சில ஆவணங்கள் என்றேன். அது முழுமையான பதில் அல்ல.

17 டிசம்பர், செவ்வாய்

படுக்கைக்குக் கீழே இடப்பக்கம் ஒரு பூட்டிய அறை. சாவி என்னிடம். இன்று காலை சௌந்தரி கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். கொடுத்தேன்.

வெளியே எடுத்து வைத்த பொருள்கள், எடையுடன்:

தீயணைப்பான் மூன்று, 30. ஆக்ஸிஜன் உருளை இரண்டு, 34. மடக்குத் தூக்குப்படுக்கை ஒன்று, 9. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் கருவி, 15. அதற்கான பாட்டரி, 60. கூடுதல் உதிரிச் சக்கரம், 16. கூடுதல் ஜாக்கி இரண்டு, 14. இரும்புச் சங்கிலியும் கயிறும், 12. மருத்துவ அறிக்கைகளின் நகல்கள், வழியிலுள்ள மருத்துவமனைகளின் விவரங்கள், காப்பீட்டுப் பத்திரங்கள், மூன்று பெட்டி, 30.

ஒவ்வொன்றாக வெளியே வர வர அவள் கேட்டாள். நான் பதில் சொன்னேன்.

“இது?”

“ஆக்ஸிஜன்.”

“டாக்டரு வாங்கி வெக்கச் சொன்னாரா?”

“சொல்லவில்லை. முன்னெச்சரிக்கை.”

“இது?”

“தூக்குப்படுக்கை.”

“என்னயத் தூக்கறதுக்கா?”

“யாரை வேண்டுமானாலும் தூக்கலாம்.”

“உள்ள இருக்கறது ஒரே ஒரு அடுப்பு. அதுக்கு மூணு தீயணைப்பானா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். பிறகு சிரிப்பு நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, என்ற நெஞ்சு வலிச்சு நான் செத்திருக்க மாட்டனுங்க. என்னயக் காப்பாத்தோணும்னு நீங்க ஏத்தி வெச்ச சாமான் கனத்துல டயரு வெடிச்சுத்தான் செத்திருப்பேன்.”

கடைசிப் பெட்டியையும் வெளியே இழுத்து வைத்தேன்.

“எப்ப இதெல்லாம் வாங்குனீங்க?”

பதினான்கு மாதங்களாக, ஒவ்வொன்றாக, அவள் தூங்கும் மதிய வேளைகளில் என்றேன்.

அவள் எழுந்து என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. “ஒரு தீயணைப்பான், ஒரு ஜாக்கி, ஒரு உதிரிச் சக்கரம் ஏற்கெனவே வண்டியில இருக்குதுங்க. என்ற மாத்திரை என்ற கைப்பையில இருக்குது. வழி பூரா ஊரு, ஊருக்கு ஊரு ஆசுபத்திரி. அது போதும். மத்ததெல்லாம் எறக்குங்க” என்றாள்.

இறக்கினேன்.

18 டிசம்பர், புதன்

பாவாயி அக்காவின் சீட்டு: இடது 560, வலது 540, மொத்தம் 1100. முன்னைய எடைக்கும் இதற்கும் வேறுபாடு 220 கிலோ. இறக்கிய பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் இடச் சொன்னால் என்னிடம் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதவில்லை.

23 டிசம்பர், திங்கள்

காலை 5.50க்குப் புறப்பட்டோம். பாவாயி அக்காவும் செங்கோடனும் வந்திருந்தார்கள். அக்கா இரு டயர்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஜீப் நகர, இரண்டும் ஒரே ஓசையுடன் நசுங்கின. “ரெட்டப் புள்ள” என்றார் செங்கோடன்.

நான் வழக்கம்போலக் கண்களை மூடினேன். ராசிபுரம் தாண்டுமுன் சௌந்தரி முழங்கையால் இடித்தாள்.

“தூங்கறதுக்கா கூட்டிட்டு வந்தேன்? அந்தப் பக்கத்துக் கண்ணாடியில இடது டயர் தெரியும். அதப் பாத்துக்கிட்டே வாங்க. அது உங்க பொறுப்பு.”

பொறுப்பு என்று ஒன்று ஒப்படைக்கப்பட்டால் நான் தட்டிக்கழித்தவன் அல்லன். பார்த்தேன். ஒரு கறுப்பு வட்டம், அசையாததுபோல் சுழன்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் சாலை, அதன் பின்னால் சேர்வராயன் மலை, வெயில் ஏற ஏறச் சிறுத்துக்கொண்டே போனது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கி, புறங்கையால் டயரைத் தொட்டேன். வெதுவெதுப்பு. காய்ச்சல் இல்லாத நெற்றிபோல. இரண்டும் ஒரே சூடு.

தங்கல்: அனந்தபூருக்கு முன், ஒரு பெட்ரோல் நிலைய வளாகம்.

24 டிசம்பர், செவ்வாய்

கர்னூலுக்கு அப்பால் முன்னே சென்ற லாரியின் ரீட்ரெட் டயர் உரிந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு ரப்பர்ப் பட்டை சாலையில் துள்ளி விழுந்தது. சௌந்தரி பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கையும் திருப்பவில்லை. வேகத்தை மட்டும் குறைய விட்டாள். இடது டயர் பட்டையின் மேல் ஏறி இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன். வீடு ஒரு முறை குதித்து, தன் இடத்தில் அமர்ந்தது.

ஓரமாக நிறுத்தினாள். நான் இறங்கி டயரை முழுச் சுற்று தடவினேன். ஒரு கீறலும் இல்லை. திரும்பி வந்தபோது அவள் தன் மணிக்கட்டில் இரு விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு?”

“எண்பத்தி நாலு. உங்களுக்கு?”

எண்ணிப் பார்த்தோம். நூற்றுப்பதினாறு. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

25 டிசம்பர், புதன்

ஹைதராபாத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே. பருத்திக் காடுகள். மண் கறுத்துக்கொண்டே வருகிறது. எரிமலைக் குழம்பு ஆறிய மண் என்கிறாள். எவ்வளவு குழம்பு என்று கேட்டேன். “தமிழ்நாடு மாதிரி நாலு மடங்கு எடத்துல, அடுக்கடுக்கா, ஒரு மைலுக்கு மேல கனம்” என்றாள். கண்ணாடியில் அந்தக் கறுப்பு, முடிவே இல்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

26 டிசம்பர், வியாழன்

லோனார் வந்து சேர்ந்தோம். டயர்: நலம். சௌந்தரி: களைப்பு; நாடி எழுபத்தெட்டு. பள்ளத்தை நாளைக் காலையில்தான் பார்ப்பது என்றாள். முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தவளுக்கு ஓர் இரவு பெரிதில்லையாம்.

27 டிசம்பர், வெள்ளி

காலை 7.10. விளிம்பில் நின்றோம்.

வர்ணிக்க எனக்குப் பயிற்சி இல்லை. அளவுகளைத் தருகிறேன். விட்டம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர். ஆழம் ஏறத்தாழ நூற்று நாற்பது மீட்டர். விளிம்பு ஏறக்குறைய முழு வட்டம். கீழே காடு, காட்டின் நடுவே பச்சையாக, அசைவற்று, ஏரி. காட்டின் அந்தக் கரையில் மயில் கத்தினால் இந்தக் கரையில் கேட்கிறது.

எவ்வளவு காலம் முன்பு விழுந்தது என்று கேட்டேன்.

“நான் பாடம் எடுக்கும்போது அம்பதாயிரம் வருசம்னு இருந்துச்சுங்க. அப்பறம் சில பேரு அஞ்சு லட்சத்துக்கு மேலேன்னாங்க. இன்னும் தீர்ப்பு வரல.”

இத்தனை ஆண்டுகளில் சௌந்தரி பாடம் சொல்ல முடியாமல் நின்றதை இன்றுதான் பார்த்தேன். வலது கை மட்டும், தன்னை அறியாமல், காற்றில் ஒரு வட்டம் வரைந்தது. சுண்ணக்கட்டி பிடிக்கும் விரல்களோடு.

கீழே இறங்கப் படிகளும் பாதையும் உண்டு. வனத்துறை வழிகாட்டி ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அவள் படிகளைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள்.

“என்னால எறங்கிருவனுங்க. ஏற முடியாது. அது எனக்குத் தெரியும். நீங்க போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க.”

உன்னைத் தனியாக விட்டுவிட்டா, என்றேன். இங்கே உன்னிடம் எதுவும் இல்லையே என்றேன்.

“மாத்திரை இருக்குது. பிளாஸ்க் இருக்குது. டிக்கெட்டுக் குடுக்கற பொண்ணு பத்தடியில உக்காந்திருக்குது. உங்க வாழ்நாள் பூரா மத்தவிய சொன்ன சாட்சியத்தையே கேட்டீங்க. ஒருக்கா நீங்க சாட்சியாப் போயிட்டு வாங்க. எனக்கு வேற ஆரு இருக்கறா போறதுக்கு?”

நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு இறங்கினேன். முதல் நாற்பது படிகளில் ஒன்பது முறை திரும்பிப் பார்த்தேன். ஒன்பது முறையும் அவள் கையசைத்தாள். அதன் பின் மரங்கள் மறைத்தன.

திரும்பி ஏறியபோது மணி 10.05. அவள் அதே கல்லில் அமர்ந்திருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு இல்லை. என்னை உட்கார வைத்து, விசாரணையைத் தொடங்கினாள்.

“தண்ணி என்ன வாசம்?”

“அழுகிய முட்டை.”

“கந்தகம். கரையில மண்ணு?”

“வெள்ளைப் பொருக்கு. மிதித்தால் நொறுங்கியது.”

“சோடா உப்பு. பாறை?”

“சில கற்கள் காந்தத்தை இழுக்கும் என்றார் வழிகாட்டி. நான் சோதிக்கவில்லை.” பிறகு சேர்த்துக்கொண்டேன்: “ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். கண்ணாடிபோல உருகி ஆறியிருந்தது. வானத்துக் கல் விழுந்த நொடியில் உருகியது என்றார். அதை அங்கேயே வைத்துவிட்டேன்.”

“நல்ல வேலை பண்ணுனீங்க. கோயிலு?”

பாழடைந்த கோயில்களைச் சொன்னேன். தூணின் மேல் அமர்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்த குரங்கைச் சொன்னேன். ஏரியின் கரையில் நின்று நிமிர்ந்தபோது, எல்லாப் பக்கமும் அந்த மதில் வட்டமாக எழுந்து நின்றதையும், அதன் மேல் வானம் ஒரு மூடிபோல அளவாகப் பொருந்தியிருந்ததையும் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு கல், ஒரே கணத்தில், யாரையும் எச்சரிக்காமல் இதைச் செய்துவிட்டுப் போயிற்று. இப்போது அதில் தாமரை இலைபோலக் காடு வளர்ந்து, பறவைகள் முட்டையிடுகின்றன என்று சொன்னேன். ‘ஏறத்தாழ’, ‘எனக்குத் தெரிந்தவரை’ என்ற சொற்களை நான் ஒரு முறையும் பயன்படுத்தவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கடைசியாக ஒன்று கேட்டாள்.

“கரையில நின்னீங்களே, அப்ப என்னய நெனச்சீங்களா? மேல தனியா இருக்கறாளே, என்னாகுமோன்னு?”

நான் யோசித்தேன். பொய் சொல்ல ஒரு கணம் தோன்றியதையும் பதிவு செய்கிறேன்.

“இல்லை” என்றேன். “அங்கே நின்றபோது மறந்துவிட்டேன்.”

சௌந்தரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“அப்பாடா” என்றாள். பிளாஸ்கைத் திறந்து, மூடியில் எனக்குத் தேநீர் ஊற்றினாள்.